சட்டத்தில் இல்லாத தடை

அமெரிக்காவில் ஒரு கிடங்கிலோ மருத்துவமனையிலோ சங்கம் அமைக்கும் பேச்சு எழுந்தால் போதும், நிர்வாகத்தின் பக்கமிருந்து ஒரு எச்சரிக்கை கிளம்பிவிடும். "சங்கத்துக்கு ஓட்டுப் போட்டால் கஃபெட்டீரியா திட்டத்தில் உங்களுக்கு இடம் இருக்காது. இது எங்கள் முடிவு இல்லை, சட்டம் அப்படி." பணியாளர் கையேட்டிலும் அதற்கு ஆதாரம் போல ஒரு வரி இருக்கும்: இத்திட்டம் சங்கம் சாராத ஊழியர்களுக்கு மட்டும். எச்.ஆர். அலுவலர் அதைச் சொல்கிறார், மேற்பார்வையாளர் திருப்பிச் சொல்கிறார், கடைசியில் தொழிலாளியே பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லத் தொடங்குகிறார். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களும், நவம்பர் மாதம் அடுத்த ஆண்டுக்கான சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, "யூனியன்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது" என்று போகிறபோக்கில் சொல்வதுண்டு.

இந்தக் கருத்து தவறு. அரைகுறை உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது. அமெரிக்க வரிச் சட்டம் சங்கத் தொழிலாளியைக் கஃபெட்டீரியா திட்டத்திலிருந்து விலக்கவில்லை. தொழிலாளர் சட்டமும் விலக்கவில்லை. இரண்டையும் எடுத்துப் படித்தால், அவர் இந்தத் திட்டத்தில் இருப்பார் என்று எதிர்பார்த்தே அவை எழுதப்பட்டிருப்பது தெரியும்.

முதலில் பண்டம் எது என்று பார்த்துவிடலாம். பெயரைப் பார்த்து இது உணவக விஷயம் என்று எண்ண வேண்டாம். மருத்துவக் காப்பீடு, பல் மருத்துவம், குழந்தைப் பராமரிப்புச் செலவு, எஃப்.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவச் செலவுக் கணக்கு, அல்லது கையில் பணம் என்று ஒரு பட்டியலை நிறுவனம் முன்வைக்க, ஊழியர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வழக்கமான வரி விதிப்படி, பணத்தை வாங்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தாலே, நீங்கள் வாங்காவிட்டாலும் வாங்கியதாகவே கணக்கு, அதற்கு வரியும் உண்டு. 1978-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் கொண்டுவந்த 125-ஆம் பிரிவு இந்த விதியைத் தளர்த்தியது. காப்பீட்டுப் பிரீமியத்தைச் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே பிடித்துக்கொள்ள முடிவது அந்தப் பிரிவால்தான்.

இதன் மதிப்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு தொழிலாளி மாதம் 250 டாலர் பிரீமியம் கட்டுகிறார், ஆண்டுக்கு 3,000 டாலர். அவர் 12 விழுக்காடு வருமான வரிப் படியில் இருக்கிறார். சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமாக இன்னொரு 7.65 விழுக்காடு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. பிரீமியம் வரிக்கு முன் போனால் கூட்டரசு வரியில் மட்டும் அவருக்கு ஆண்டுக்கு 589 டாலர் 50 சென்ட் மிச்சம். அதே 3,000 டாலர் மேல் நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய 7.65 விழுக்காடும் மிச்சமாகிறது, அது 229 டாலர் 50 சென்ட். இந்த இரண்டாவது தொகையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தொழிலாளியைத் திட்டத்திலிருந்து வெளியேற்றும் நிறுவனம் தன் பணத்தையும் சேர்த்தே இழக்கிறது. செலவு மிச்சமாகும் என்ற காரணத்தை இங்கே காட்ட வழியில்லை. இழப்பை ஏற்றுக்கொண்டு ஒருவர் ஒரு காரியத்தைச் செய்கிறார் என்றால், வேறு ஏதோ லாபம் அதில் இருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 125-ஆம் பிரிவில் ஊழியர் என்ற பொதுச்சொல்தான் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் சேர முடியாதவர்கள் யார் என்றால், சுயதொழில் செய்பவர்கள், கூட்டு வணிகத்தின் பங்காளிகள், எஸ்-கார்ப்பரேஷன் வகை நிறுவனத்தில் 2 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள். அதாவது முதலாளி வரிசையில் நிற்பவர்கள். சங்க உறுப்பினர் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

அந்தப் பிரிவு கவலைப்படுவது வேறொரு ஆபத்தைப் பற்றி. உயர் சம்பளக்காரர்கள் சலுகையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, கீழே இருப்பவர்களைக் கைவிட்டுவிடக் கூடாது. அதற்காகப் பாகுபாட்டுச் சோதனைகளை வைத்திருக்கிறது. அந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது சட்டம் தானாகவே சங்கத்தைக் குறிப்பிடுகிறது. ஊழியர் பிரதிநிதிகளும் நிறுவனமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் கஃபெட்டீரியா திட்டத்தைப் பாகுபாடு உள்ளதாகக் கருதக் கூடாது என்று 125(ஜி)(1) கூறுகிறது. சங்கத் தொழிலாளிக்கு இந்தத் திட்டமே கூடாது என்பது சட்டத்தின் நோக்கமாக இருந்தால், சங்க ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் திட்டத்துக்குத் தனிச் சலுகை எதற்கு? இல்லாத ஒன்றுக்கு யாரும் விதி எழுதுவதில்லை.

இன்னொரு சான்று விதிமுறைகளில் இருக்கிறது. கஃபெட்டீரியா திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் செய்த தேர்வை நடுவில் மாற்ற முடியாது. திருமணம், குழந்தைப் பேறு, வேலை மாற்றம் போன்ற சில நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலைநிலை மாற்றங்களின் பட்டியலில் வரித்துறை விதிமுறை சேர்த்திருக்கும் இரண்டு நிகழ்வுகள் வேலைநிறுத்தமும் கதவடைப்பும். வேலைநிறுத்தம் செய்யக்கூடிய ஊழியர் திட்டத்துக்குள் இருக்கிறார் என்று அரசே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. கையேட்டை எழுதியவர் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு கையில் எடுப்பது 410(பி)(3) என்ற பிரிவு. ஓய்வூதியத் திட்டங்கள் போதிய ஊழியர்களைச் சேர்த்திருக்கின்றனவா என்று சோதிக்கும்போது, கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஊழியர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்று அது சொல்கிறது. இதே போன்ற விலக்கு, நிறுவனமே நேரடியாகச் செலவை ஏற்கும் மருத்துவத் திட்டங்கள் பற்றிய 105(எச்) பிரிவிலும் உண்டு. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, சங்கத்தாரை விலக்கச் சொல்லியிருக்கிறது" என்கிறார்கள். விலக்கச் சொல்லவில்லை. விலக்கினால் சோதனையில் அது குற்றமாகாது என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. ஒரு பாடத்தில் தேர்வு எழுதுவதிலிருந்து விலக்குப் பெற்ற மாணவனை, தேர்வெழுதத் தடை செய்யப்பட்டவன் என்று சொல்வதற்கு ஒப்பானது இந்த வாசிப்பு.

அந்த விலக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதை யாரும் உரக்கப் படிப்பதில்லை. அந்தச் சலுகை குறித்து நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் நல்லெண்ணத்தோடு பேரம் நடத்தியிருக்க வேண்டும். காரணம் எளிது. மேசையில் உட்கார்ந்து பேசி, இந்தச் சலுகைக்குப் பதிலாகக் கூடுதல் கூலியோ வேறொன்றோ வாங்கிக்கொண்டவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். பேச்சே நடக்காமல் ஒரு வரியால் அவர்களை வெளியே நிறுத்தினால், அந்தத் தர்க்கம் நிற்காது.

அடுத்தது தொழிலாளர் சட்டம். "சங்கம் வந்த பிறகு நாங்களாகச் சலுகை கொடுத்தால் அது சட்டமீறல் ஆகிவிடும், அதனால்தான் கொடுக்க முடியவில்லை" என்பது இன்றைய நிர்வாகங்களின் மிகப் பிடித்தமான வாதம். இதில் பாதி சரி. 1962-இல் காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது கூலியையோ மருத்துவ விடுப்பையோ நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றுவது பேரக் கடமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. தடை செய்யப்பட்டது தன்னிச்சை. சலுகைக்குத் தடை இல்லை. சங்கத்திடம் "இதை உங்களுக்கும் தர விரும்புகிறோம், சம்மதமா?" என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தத் தீர்ப்பு இன்னொரு பக்கமும் வெட்டும். சங்கத் தேர்தலுக்கு முன்பே திட்டத்தில் இருந்த ஊழியரை, தேர்தல் முடிந்த கையோடு நிர்வாகம் வெளியேற்றினால் அதுவும் தன்னிச்சையான மாற்றம்தான்.

ஸ்டார்பக்ஸ் விவகாரம் இதற்குக் கண்முன் நிற்கும் உதாரணம். அங்கே சிக்கல் கஃபெட்டீரியா திட்டம் பற்றியது அல்ல, கூலியும் மற்ற சலுகைகளும் பற்றியது. ஆனால் முன்வைக்கப்பட்ட வாதம் இதே வாதம். 2021 டிசம்பரில் பஃபலோ நகரக் கடையொன்றின் ஊழியர்கள் சங்கத்துக்கு வாக்களித்தார்கள், அந்த அலை மற்ற ஊர்களுக்கும் பரவியது. 2022 மே மாதத்தில் அப்போதைய தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் கூலி உயர்வும் புதிய சலுகைகளும் அறிவித்தார், சங்கம் இல்லாத கடைகளுக்கு மட்டும். சங்கக் கடைகளுக்குத் தன்னிச்சையாகத் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். 2023 செப்டம்பரில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் நிர்வாக நீதிபதி, அப்படிப் பிரித்து வைத்ததே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். 2024 பிப்ரவரியில் நிறுவனமும் சங்கமும் பேச்சுவார்த்தைக்கு வழி கண்டபோது, 2022-இல் மறுக்கப்பட்ட சலுகைகளைச் சங்க ஊழியர்களுக்கும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்த இடைவெளியில் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கூட்டு ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. மாறியது நிர்வாகத்தின் மனம் மட்டும். சட்டம் தடுத்தது என்ற பேச்சின் கனம் அவ்வளவுதான்.

தடை என்று கையேட்டில் எழுதி வைப்பதே குற்றமாகலாம் என்பதும் புதிய செய்தி அல்ல. 1963-இல் மெல்வில் கன்ஃபெக்‌ஷன்ஸ் வழக்கில், சங்கத்தால் பிரதிநிதித்துவம் பெறும் ஊழியர்களுக்கு இடமில்லை என்று லாபப் பங்குத் திட்டத்தில் எழுதி வைத்திருந்ததையே வாரியம் சட்டமீறல் என்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சங்கத்தைத் தேர்ந்தெடுத்த நொடியில் சலுகை தானாகப் பறிபோகும் என்று சொல்வது மிரட்டல் என்பதே காரணம். கூட்டு ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி இத்திட்டம் பொருந்தாது என்று எழுதினால் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே முடிவு பேரத்துக்கு விடப்படுகிறது. இரண்டு வாக்கியங்களும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். முன்னது கதவைச் சாத்துகிறது, பின்னது பேச்சுக்கு விடுகிறது. நம் கருத்தாளர்கள் பின்னதைப் படித்துவிட்டு முன்னதைச் சொல்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். சங்க உறுப்பினருக்குத் தகுதி இல்லை என்ற பேச்சே அடிப்படையில் பிசகு. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, தேர்தலில் வென்ற சங்கம் அந்தப் பிரிவில் வேலை செய்யும் எல்லாருக்கும் பிரதிநிதி, சந்தா கட்டுபவருக்கும் கட்டாதவருக்கும். சந்தா கட்டாயத்தைத் தடை செய்யும் சட்டம் 26 மாநிலங்களில் இருக்கிறது. அங்கே ஒரே மேசையில் உறுப்பினரும் உறுப்பினரல்லாதவரும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்க்கிறார்கள். உறுப்பினர் அட்டையைப் பார்த்துச் சலுகையைப் பிரித்தால் அது நேரடியான பாகுபாடு. உறுப்பினருக்குச் சாதகமாகப் பிரித்தாலும் அதே குற்றம்தான். 1954-இல் ரேடியோ ஆபீசர்ஸ் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கில், கூலி உயர்வு நிலுவையை உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுத்த நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்றது. சட்டம் பார்ப்பது ஒப்பந்தத்தை. அட்டையை அது பார்ப்பதில்லை.

இனி, எதிர்த்தரப்பின் கொஞ்சம் கனமான வாதங்கள். "சங்கத்தாருக்கு அவர்களுடைய நிதியே இருக்கிறது, நிறுவனத் திட்டம் எதற்கு?" 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அனுமதித்த கூட்டு நிதிகள் உண்மையில் இருக்கின்றன. நிறுவனங்கள் பணம் கட்ட, இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அறங்காவலர்களை நியமித்து நடத்துபவை அவை. ஓராண்டில் பல ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்க்கும் கட்டடத் தொழிலாளிக்கு அதுவே பொருத்தம். ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்ட எஃப்.எஸ்.ஏ. கணக்கு அவருக்குப் பெரிதாக உதவாது. ஆனால் சங்கத் தொழிலாளர் எல்லாரும் கட்டடத் தொழிலாளிகள் அல்லர். 2024 கணக்குப்படி அமெரிக்கச் சங்க உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அரசு ஊழியர்கள்: ஆசிரியர்கள், தீயணைப்போர், அலுவலக எழுத்தர்கள். கூட்டரசு ஊழியர்கள் 2000 அக்டோபரிலிருந்து பிரீமியத்தை வரிக்கு முன் கட்டுகிறார்கள், 2003-லிருந்து எஃப்.எஸ்.ஏ. கணக்கு வைத்திருக்கிறார்கள். சங்கம் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. சங்கங்கள் நிறைந்த அலுவலகம், கஃபெட்டீரியா சலுகையும் தாராளம். நாட்டின் மிகப் பெரிய முதலாளியான அரசாங்கத்தின் வழக்கமே அந்தக் கருத்துக்கு மறுப்பாக நிற்கிறது.

கூட்டு நிதி இருக்கும் இடத்திலும் கேள்வி முடிவதில்லை. மருத்துவத்தை அந்த நிதி பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைப் பராமரிப்பு? வரிக்கு முன் அதற்கு ஒதுக்கக்கூடிய தொகை 1986-லிருந்து பெரும்பாலும் 5,000 டாலராக நின்று, 2026 முதல் 7,500 டாலராகிறது. இரவு வேலைக்குப் போகும் செவிலியர் குழந்தையை விட்டுச் செல்லும் இடத்துக்குக் கட்டும் பணம் அது. அதைச் சங்க நிதி தராதபோது நிறுவனத் திட்டத்தில் சேர்ப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை, தர்க்கமும் இல்லை.

"சங்கங்களே இதை வேண்டாம் என்று சொன்னதுண்டே?" உண்டு. சொன்னதற்குக் காரணமும் இருந்தது. இந்தத் திட்டங்கள் 1970-களில் அமெரிக்கன் கேன் போன்ற நிறுவனங்களின் மாதச் சம்பள ஊழியர்களிடம் தொடங்கிப் பரவியவை. தொழிற்சாலைக்கு வந்தபோது, "இதோ இவ்வளவு தொகை, இதற்குள் வேண்டியதை வாங்கிக்கொள்" என்று கையைக் கழுவும் உத்தியாகச் சில இடங்களில் மாறின. பிரீமியம் ஏறும்போது ஏற்றம் முழுதும் தொழிலாளியின் தலையில். உடல்நலமாக இருக்கும் இளைஞர்கள் காப்பீட்டை விட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டால், நோயாளிகள் மட்டும் மிஞ்சி, அவர்களுக்குப் பிரீமியம் இன்னும் ஏறும். வரிக்கு முன் பிடிக்கும் பணம் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் சம்பளமாக ஏறாததால், ஓய்வுக்காலத் தொகை கொஞ்சம் குறையவும் கூடும். இவற்றை எடைபோட்டு ஒரு சங்கம் திட்டத்தை மறுத்தால் அது நியாயமான முடிவு. ஆனால் அது அவர்கள் எடுத்த முடிவு. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவருக்கு வேண்டும் என்று சொல்லும் உரிமையும் இருந்திருக்கிறது. தகுதியற்றவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பிடம் இன்னும் ஒரு வாதம் இருக்கிறது, அது முழுக்க உண்மை. பேரக் கடமை என்பது பேசும் கடமைதான், விட்டுக்கொடுக்கும் கடமை அல்ல. 1948-இல் இன்லாண்ட் ஸ்டீல் வழக்கு ஓய்வூதியத்தையும், 1949-இல் டபிள்யூ.டபிள்யூ. கிராஸ் வழக்கு குழுக் காப்பீட்டையும் கட்டாயப் பேரப் பொருள் ஆக்கின. அதனால் நிர்வாகம் மேசைக்கு வந்தாக வேண்டும், ஆனால் கேட்டதைத் தந்தாக வேண்டும் என்பதில்லை. பேச்சு முடியும்போது கஃபெட்டீரியா திட்டம் ஒப்பந்தத்தில் இல்லாமலும் போகலாம். சங்கம் வந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. கிடைக்காமல் போகலாம் என்பது வேறு, கிடைக்கவே கூடாது என்பது வேறு. தொழிலாளியிடம் முன்னதைச் சொன்னால் அது தகவல். பின்னதைச் சொன்னால் அது பயமுறுத்தல்.

பயமுறுத்தல் பலிப்பதற்குக் காலம் துணை செய்கிறது. சங்கத் தேர்தலுக்கும் முதல் ஒப்பந்தத்துக்கும் இடையே அமெரிக்காவில் சராசரியாக ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் நவம்பர் வந்து போகும், பதிவு செய்யும் சாளரம் திறந்து மூடும், பக்கத்துக் கிளையில் சங்கம் இல்லாதவர்கள் புதிய சலுகையைத் தேர்வு செய்வார்கள். ஒரு ஆண்டு கைநழுவினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். 589 டாலருக்காக ஏங்கும் குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பே சங்கத்துக்கு எதிரான பிரசாரமாகிவிடும். நிறுவனம் தன் பங்கு 229 டாலரை இழக்கத் தயாராக இருப்பதன் கணக்கு இங்கேதான் நேராகிறது.

இவ்வளவுக்கும் பிறகு நிலவரம் என்ன? அமெரிக்கத் தனியார் துறையில் சங்கத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேலை வழியே மருத்துவக் காப்பீடு பெற வாய்ப்பு உண்டு, சங்கம் இல்லாதவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேருக்குத்தான் அந்த வாய்ப்பு. சங்கம் சலுகையைக் கெடுக்கும் என்ற கதைக்கு நேர் எதிராக நிற்கிறது அந்த எண்.

ஆகவே கையேட்டு வரியைக் காட்டி "உங்களுக்கு இடமில்லை" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டியவை மூன்று. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு இதைத் தடுக்கிறது? இந்தச் சலுகை பேரத்தில் பேசப்பட்டதா, பேசப்பட்டிருந்தால் பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன? தேர்தலுக்கு முன் நாங்கள் இதில் இருந்தோமா, இருந்தால் வெளியேற்றியது யார்? முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் பதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்தான். சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளத் தொழிலாளி இடம் கொடுக்க வேண்டியதில்லை.